வள்ளத்துச் சூரிய விளக்கு

தமிழ் பயிலும் யாம் மின்னியல் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கும். ஆயினும் அதற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டில் எம் சிறிய தந்தையார் தங்குகடலுக்குச் சென்றிருந்த நான்காம் இரவு, விடிதற்கு முன்னரே வள்ளத்து விளக்குகள் அணைந்தன, வயர்லெசும் ஓய்ந்தது. அவ்வமயம் சரக்குக் கப்பலொன்று நேரே வரக்கண்டு, கையிலிருந்த டார்ச்சு விளக்கை வீசி வீசியே அவரும் உடனிருந்த மூவரும் உயிர் பிழைத்தனர். பாட்டரி பழுதென்று விற்றோர் கூறக் கேட்டு, கடன் பட்டுப் புதிய பாட்டரி ஒன்று வாங்கினார். அடுத்த பயணத்திலும் நான்காம் இரவு அங்ஙனமே ஆயிற்று. பின்னர் ஆராய்ந்தவிடத்து, பழுதுற்ற பொருள் யாதொன்றும் இல்லை. பொருள்கள் தம்முட் பொருந்தாமையே குறை என்பது புலனாயிற்று. அப்பொருத்தம் யாதென்பதை ஈண்டு விளக்குவாம்.

ஒளியினின்று மின்சாரம் பிறத்தலைப் பிரான்சு நாட்டுப் பெக்குரேல் என்பார் 1839-ஆம் ஆண்டிலேயே கண்டார். பயன்படத்தக்க சிலிக்கன் சூரியக் கலம் 1954-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டது. 2010 செப்டம்பரில் மொனாக்கோவினின்று புறப்பட்ட பிளானட்சோலார் என்னும் கலம், சூரிய ஆற்றல் ஒன்றையே துணைக்கொண்டு உலகைச் சுற்றி 2012 மே மாதத்தில் மீண்டது. எம்மவர் வள்ளத்திற்கு வேண்டுவதோ அத்துணைப் பெரிதன்று. வலை விரித்துப் பொறியை நிறுத்தி மிதக்கும் இரவுகளில் விளக்கும், வயர்லெசும், வழிகாட்டும் கருவியும் இயங்கினாற் போதும். சிறிய தந்தையாரின் வள்ளத்திற்கு இவ்வகையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 வாட்டு மணி மின்சாரம் வேண்டியிருந்தது.

இவ்வமைப்பில் உறுப்புக்கள் மூன்று. வெயிலை மின்சாரமாக்குவது சூரியப் பலகை. அதனைச் சேமித்து வைப்பது பாட்டரி. இரண்டிற்கும் இடைநின்று, பாட்டரி மிகையாக மின்னேறிக் கெடாதபடி காப்பது சார்ஜ் கன்ட்ரோலர். பலரும் முதல் இரண்டையும் ஆராய்ந்து வாங்கி, மூன்றாவதனை மலிவு நோக்கியே கொள்வர். எம் சிறிய தந்தையாரும் அவ்வாறே செய்தார்.

அவர் வாங்கியது வீட்டுக் கூரைக்கென அமைந்த 300 வாட்டுப் பலகை. அது நல்ல வெயிலில் 32 வோல்ட்டு அழுத்தத்தில் ஏறத்தாழ 9½ ஆம்பியர் தரும். பாட்டரியோ 12 வோல்ட்டினது. மின்னேறுங்கால் 13 வோல்ட்டளவில் நிற்கும். இடையில் வைத்ததோ பி.டபிள்யூ.எம். என்னும் எளிய வகைக் கன்ட்ரோலர். இது பலகையைப் பாட்டரியோடு நேரே இணைத்தும் விலக்கியும் காக்கும் இயல்பினது. ஆதலின் இணைந்த பொழுதெல்லாம் பலகையின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்திற்கே இறங்கிவிடும்; ஆம்பியரோ மிகாது.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். ஒருவன் 32 காசு பெறும் நாணயங்களைக் கடைக்குக் கொண்டுசெல்ல, கடைக்காரன் ஒவ்வொன்றையும் 13 காசென்றே எண்ணிக் கொள்வானாயின் எஞ்சியது வீணன்றோ! அங்ஙனமே 300 வாட்டு தரவல்ல பலகை 125 வாட்டிற்கும் குறைவாகவே தந்தது. நிழலும் பிற இழப்புக்களும் போக, பகலொன்றில் பாட்டரி பெற்றது 450 வாட்டு மணியளவே. செலவு 600, வரவு 450. நாடோறும் 150 குறைய, 1200 வாட்டு மணி கொள்ளும் பாட்டரி நான்காம் இரவில் ஏறத்தாழ வறிதாயிற்று. வரவறியாது செலவு செய்யும் குடும்பத்தின் நிலையும் இதுவேயன்றோ?

எம்.பி.பி.டி. என்னும் மற்றொரு வகைக் கன்ட்ரோலர் நேர்மையுள்ள நாணயமாற்றுவோனை ஒக்கும். பலகையை அதற்கு உகந்த 32 வோல்ட்டிலேயே நிறுத்தி, அவ்வாற்றலைக் குறைந்த வோல்ட்டும் மிகுந்த ஆம்பியருமாக மாற்றிச் சிறிதே கூலி கொண்டு பாட்டரிக்கு அளிக்கும். இதனை அமைத்தபின் பகலொன்றின் வரவு 900 வாட்டு மணியளவாயிற்று. எனினும் எளிய வகையை இகழ்தல் வேண்டா. 36 கலங்கள் கொண்ட சிறு பலகை 18 வோல்ட்டளவிலேயே இயங்குதலின், 12 வோல்ட்டுப் பாட்டரிக்கு அவ்வகையோடும் ஒருவாறு பொருந்தும், விலையும் குறைவு.

இனிக் கன்ட்ரோலரைத் தெரிவு செய்யுங்கால் நோக்கற்பாலன இரண்டு. ஒன்று, அது தாங்கும் ஆம்பியர். 300 வாட்டினை 12-ஆல் வகுப்பின் 25 ஆதலின், 30 ஆம்பியர்க் கருவி போதும். எம்.பி.பி.டி. கருவிகளிற் பல தம் அளவிற்கு மேற்பட்டதை ஏலாது விடும். அதனால் நேர்வது பெரும்பாலும் இழப்பேயன்றி அழிவன்று. மற்றொன்று, அது தாங்கும் வோல்ட்டு. இதனை மீறுதல் அழிவே. பலகை சுமையின்றி இருக்குங்கால் காட்டும் திறந்த சுற்று அழுத்தத்தையே ஈண்டுக் கணக்கிடல் வேண்டும். எம் பலகைக்கு அது 40 வோல்ட்டு. சிறிய தந்தையார் மற்றொரு பலகை வாங்கி இரண்டையும் தொடராக இணைக்கக் கருதினார். தொடர் இணைப்பில் வோல்ட்டு கூடும். 40-உம் 40-உம் 80. கருவி தாங்குவதோ 75. இணைத்திருப்பின் அது கெட்டிருக்கக்கூடும். குளிர் மிக மிக வோல்ட்டும் உயருமாதலின், குளிர்நாட்டார் இன்னும் இடைவெளி விட்டே கணக்கிடுவர்.

பக்க இணைப்பிலோ ஆம்பியரே கூடும், வோல்ட்டு மாறாது. பாய்மரமும் கயிறும் நிழல் வீழ்த்தும் கலத்தில் இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. தொடரில் ஒரு பலகை நிழலுற்றால் ஏனையதன் ஓட்டமும் தடைப்படக்கூடும். பக்க இணைப்பில் வெயிலுற்றது தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கும். கம்பி தடித்தும், உப்புக் காற்றில் அரிக்காவண்ணம் ஈயம் பூசியதாயும் இருத்தல் நன்று. பாட்டரிக்கு அணித்தே பியூசு வைத்தல் வேண்டும். கன்ட்ரோலரைப் பாட்டரியோடு முதலிலும் பலகையோடு பின்னரும் இணைத்தல் முறை. கழற்றுங்கால் பலகையே முன்னர்.

இவ்வெண்கள் யாவும் பலகையின் பின்புறத்திலும் கருவியின் மேலும் பொறிக்கப்பட்டுள்ளன, ஆனால் ஆங்கிலத்தில். முப்பது ஆண்டு கடலைப் படித்த சிறிய தந்தையார்க்கு அச்சிறு எழுத்துக்களைப் படித்துச் சொல்வார் இலர். வீட்டில் இருவர் கல்லூரியிற் பயின்றும், அவ்வட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தோமில்லை. அக்குறை எம்முடையது. கடற்கரை ஊர்களினின்று வந்துள்ள நண்பர்காள்! விடுமுறைக்குச் செல்லுங்கால் நும் வீட்டு வள்ளத்துப் பலகையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.