உங்களுக்குத் தெரியுமா? தாழ்த்திய கார் கூடுதலாகச் சரியலாம்

கொயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சோபரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய தொகுதி) பூட்டிக் காரை அளவுமீறித் தாழ்த்தினால், முடக்கில் அது முன்னையைவிடக் கூடுதலாகவே சரியக்கூடும். சுசுகி ஸ்விஃப்ட் போன்றவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். 1950இல் ஃபோர்ட் கொன்சலில் வந்த அதே அமைப்பு. கார் தாழும்போது, சில்லைக் காருடன் இணைக்கும் கீழ்க்கையின் சில்லுப்பக்க முனை, காரின் உடலோடு ஒப்பிட, மேலேறும். அதனால் காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட, கார் எதைச் சுற்றிச் சரியுமோ அந்த மையம் அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடச் சரிவும் கூடும்.

இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் சரி என்பார்கள். சரிவு குறையும், உண்மைதான். ஆனால் இறுக்கம் இரட்டித்தால் அதிர்வு வேகம் சுமார் 1.4 மடங்காகும், ஷாக் அப்சோபர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் மேடுபள்ளத்தில் சில்லு துள்ளிப் பிடிமானம் போய்விடும். எவ்வளவு தாழும் என்பதல்ல, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதே கடையில் கேட்கவேண்டிய கேள்வி. ஸ்பிரிங்கைத் தொடாமல் கொயிலோவரின் அடிப்பகுதியைத் திருகி உயரம் மாற்றும் வகை மேல். அதில் ஷாக்கின் ஓட்டம் குறையாது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓடும் காருக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் கொயிலோவரின் உருக்கு மரையும் அலுமினிய வளையமும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நன்னீரால் கழுவி மரைக்குக் கிரீஸ் பூசாவிட்டால், உயரம் மாற்றும் வசதிக்குக் கொடுத்த காசு வீண்.