மலைப் பயணமும் முன்னேற்பாடும்



பலர் கூடி அந்நிய நாட்டு மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடப்பதற்கு வேண்டுவன யாவை என்று வினவினால், உடல் வலிமையும் நெஞ்சுரமும் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றிற்கு முன்னர் வேண்டுவது கணக்கு. எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு சுமை, அதனைச் சுமப்பவர் யார், சுமப்பவருக்கு உணவு எங்கிருந்து வரும் என்னும் வினாக்களுக்குப் புறப்படுமுன்னரே விடை காணுதல் வேண்டும். காட்டின் நடுவே நின்று கண்டால் பயனில்லை.

இதனை விளக்குதற்குப் பப்புவா நியூகினி நாட்டிலுள்ள கொக்கோடாப் பாதையை எடுத்துக்கொள்வோம். தலைநகராகிய போட் மோர்ஸ்பிக்கு அப்பாலுள்ள ஓவர்ஸ் கோணர் என்னுமிடத்தில் தொடங்கி, ஓவன் ஸ்ரான்லி மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, வடபாலுள்ள கொக்கோடா என்னும் ஊரை அடையும் ஒற்றையடிப் பாதை அது. அதன் நீளம் 96 கிலோமீற்றர். மிகவுயர்ந்த இடம் ஏறத்தாழ 2,190 மீற்றர். இவ்வெண்களைக் கேட்டு, இஃது எளிய வழியென எண்ணிவிடலாகாது. ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும் வழியன்று இது. ஒரு முகட்டின்மீது ஏறி, மறுபுறம் ஆறுவரை இறங்கி, மீண்டும் அடுத்த முகட்டில் ஏற வேண்டும். பள்ளத்திற் பகற்புழுக்கம், உயரத்தில் இராக்குளிர், அடியெல்லாம் சேறும் வேரும். ஆதலால் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் கடப்பதே பெரிது.

இப்பாதை உலகறிந்தது போரினால். 1942 யூலை 21ஆம் நாள் நியூகினியின் வடகரையில் இறங்கிய யப்பானியப் படை, இவ்வழியே போட் மோர்ஸ்பியை நோக்கி முன்னேறலாயிற்று. அதனை எதிர்க்க அவுஸ்திரேலியப் படை தெற்கிலிருந்து மலையேறியது. வண்டி செல்லா வழியாதலின், உணவும் வெடிமருந்தும் பப்புவா நாட்டுச் சுமைகாரரின் தோள்களையே நம்பியிருந்தன. சுமைகாரரை நடத்தும் பொறுப்பேற்றவர் பேட் கீன்சில் என்பவர். அம்மலைப் பகுதியில் முன்னரே தொழில் நடத்தி வழியறிந்தவர்.

அவர் இட்ட கணக்கு எளிது. அதன் முடிவோ அச்சந்தருவது. உணவு மட்டுமே சுமக்கும் ஒருவர் தம் சுமையைத் தாமே உண்டால் அது 13 நாளில் தீரும். அதனை ஒரு போர்வீரருடன் பகிர்ந்துண்டால் ஆறரை நாளில் தீரும். முன்னணியை அடையும் வழியோ எட்டு நாள் நடை! அஃதாவது, கொண்டுசெல்லும் உணவு சேருமிடம் சேருமுன்னரே தீர்ந்துவிடும். திரும்பி வருவதற்கு உணவு வேண்டாமா? மேலும் பல சுமைகாரரைச் சேர்த்தாலென்ன எனலாம். சேரும் ஒவ்வொருவருக்கும் இரு தோள்களோடு ஒரு வயிறும் உண்டன்றோ?

எனவே விமானத்தினின்று உணவு போடுவதன்றி வேறு வழியில்லையெனக் கண்ட கீன்சில், 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில், மலைமுகட்டிற்கு அண்மையிலிருந்த மயோலா என்னும் மரமற்ற வெளியைத் தேடியடைந்தார். அங்கே போடப்பட்ட பொருள்களுட் பல சிதறி வீணாயின. அம்மாதம் 17ஆம் நாள் போட் மோர்ஸ்பியில் நின்ற விமானங்கள் குண்டுவீச்சில் அழிந்தன. மயோலாவை வந்தடைந்த படைப்பிரிவு, எதிர்பார்த்த உணவு அங்கில்லாமையால் முன்செல்லமாட்டாது தயங்கி நின்றது. யப்பானியர்க்கும் அதே கதி. செப்டெம்பரில் இயோரிபைவா முகடுவரை வந்த அவர்கள், குவாடல்கனால் போரின் நெருக்கடியோடு பசியும் வாட்டவே பின்வாங்கினர்.

இன்று அப்பாதையில் நடப்போர் போர்வீரரல்லர். ஆயினும் அக்கணக்கு மாறவில்லை. சுமைகாரரை அமர்த்துங்காலை அவருக்குரிய உணவு, கூடாரம், போர்வை, கூலி ஆகிய யாவும் திட்டத்துட் சேர்தல் வேண்டும். தாம் நனையாதிருக்கத் தம் சுமைகாரரை மழையில் உறங்கவைக்கும் கூட்டம் திட்டமிட்ட கூட்டமாகாது.

காலம் அடுத்தது. மே முதல் ஒக்டோபர் வரையுள்ள மாதங்கள் மழை குறைந்தவை. பயிற்சி அதற்கு அடுத்தது. 2009ஆம் ஆண்டில் மட்டும் இப்பாதையில் நடந்த அவுஸ்திரேலியர் நால்வர் இறந்தனர். ஆகவே மருத்துவப் பரிசோதனையும், சுமையோடு மேட்டுநிலத்தில் ஏறியிறங்கும் பல மாதப் பழக்கமும் வேண்டும். மலேரியாவிற்கு மருந்தும் நுளம்பு வலையும் வேண்டும். வியர்வை மிகுந்த நடையில் வெறும் நீரை அளவின்றிக் குடித்தால் குருதியிலுள்ள உப்பின் அளவு குறைந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். தாகத்திற்கேற்ப நீரருந்தி உப்பையும் ஈடுசெய்வதே முறை.

அந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி குலவழி உரிமையுடையது. ஆதலின் பாதையோரக் கிராமத்தாரின் இசைவும் பயணக் கட்டணமும் வெறுஞ் சடங்கல்ல. உரிமையாளரின் பிணக்கினாற் பாதை தடைப்பட்ட காலங்களும் உண்டு. விமானத்தை நம்பி நாட்களை இறுக்கிக் கட்டுதலும் தகாது. 2009 ஆகஸ்ட் 11ஆம் நாள் கொக்கோடாவை நோக்கிப் பறந்த சிறு விமானம் மலையில் மோதி 13 பேர் மாண்டனர். மேகஞ் சூழ்ந்தவிடத்து மீட்பு விமானமும் வாராது. இரண்டொரு நாள் மேலதிகமாக இருத்தலும், செய்மதித் தொலைபேசி ஒன்று உடனிருத்தலும் நன்று.

குழுவின் வேகம் யாது? மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். முன்னே வழிகாட்டி ஒருவரும், எவரும் பின்தங்காதபடி இறுதியில் ஒருவரும் நடத்தல் வேண்டும். பயணத்தை நிறுத்தும் அதிகாரம் எவருக்குரியது என்பதையும் புறப்படுமுன்னரே யாவரும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். களைப்பும் வீம்பும் மேலிட்டபின் அவ்வொப்பம் கிட்டாது.

திட்டம் நிறைவுற்றதா என அறிய ஒரு வினாப் போதும். பாதையின் நடுவே, முன்செல்லவும் திரும்பிவரவும் தூரம் ஒன்றேயாகிய இடத்தில், ஒருவரின் கால் முறிந்துவிட்டதெனக் கொள்க. அவரைத் தூக்குபவர் யார்? தூக்குபவரின் சுமையைச் சுமப்பவர் யார்? எத்தனை நாளைக்கு உணவு எஞ்சும்? இவற்றிற்கு விடை எழுதிய குழு புறப்படலாம். எழுதாத குழு இன்னும் சில நாள் வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதே நலம்.