எழுபதை எண்ணியது யார்?

டோல்கீனின் கற்பனை உலகத்தில் ஆகப் பெரிய வீரன் யார் என்கிற சண்டை அவருடைய வாசகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. ஒருத்தர் ஃபிங்கோல்ஃபின் என்பார், இன்னொருத்தர் ஹூரின் என்பார், டிராகனைக் கொன்ற டூரினை விட்டுட்டீங்களே என்று மூன்றாமவர் வருவார். (அதே டூரின் இருட்டில் ஆள் தெரியாமல் தன் உயிர் நண்பன் பெலக்கையும் கொன்றவன், அந்தக் கொலை கணக்கில் வருவதில்லை.) பொழுதுபோகாதவர்களின் பேச்சு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் வீரத்தை எதைக்கொண்டு அளக்கிறோம் என்கிற கேள்வி இதற்குள் கிடக்கிறது. அந்தக் கேள்வியை வாசகர்களைவிடப் பிரதிகளே சங்கடத்தோடு எதிர்கொள்கின்றன.

முதலில் ஹூரின். டோல்கீன் இறந்தபின் அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்' சொல்லும் கதை இது. எல்ஃப்களும் மனிதர்களும் இருளின் அதிபதி மோர்காத்திடம் தோற்றுச் சிதறுகிறார்கள். எல்ஃப் அரசன் டர்கோன் தப்பிப்பதற்காக, மனிதனான ஹூரினும் அவன் ஆட்களும் வழியை மறித்து நின்று, ஒருவர் மிச்சமில்லாமல் விழுகிறார்கள். கடைசியில் கேடயத்தை எறிந்துவிட்டுக் கோடரியோடு தனியாக நிற்கும் ஹூரின், ட்ரோல் என்னும் பூதங்களை வெட்டிச் சாய்க்கிறான். ஒவ்வொரு கொலைக்கும் ஒரே முழக்கம், எழுபது முறை. பிறகு உயிரோடு பிடிபடுகிறான். 28 ஆண்டுச் சிறை. விவாதங்களில் இந்த எழுபதுதான் துருப்புச் சீட்டு.

சரி, எழுபதை எண்ணியது யார்? பக்கத்தில் நின்றவன் அத்தனை பேரும் பிணம். மிச்சம் இருந்தது எதிரிகளும் அவனும்தான். இந்த இடத்தைப் பிரதி தன் பொறுப்பில் சொல்லவில்லை. பாட்டில் இப்படி வருகிறது என்று பாணன் தலையில் போட்டுவிடுகிறது. தோற்றுப்போன கூட்டத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டிருக்கிறது.

ஃபிங்கோல்ஃபின் கதை இதற்குத் தலைகீழ். எல்லாம் அழிந்தது என்று நம்பிய அந்த எல்ஃப் பேரரசன், தன்னந்தனியாகக் குதிரையில் போய் மோர்காத்தின் கதவைத் தட்டிச் சண்டைக்கு அழைக்கிறான். ஏழு காயம் போடுகிறான். சாகிற நேரத்தில் காலை வெட்டுகிறான்; அன்றிலிருந்து மோர்காத் நொண்டி. தெய்வத்துக்குச் சமமானவனையே நொண்டியாக்கினவனுக்குத்தான் பட்டம் என்று எனக்கும் கொஞ்ச நாள் தோன்றியது. ஆனால் இந்தச் சண்டைக்குப் பாட்டே கிடையாதாம். துக்கம் தாளாமல் எல்ஃப்கள் பாடவில்லை. ஜெயித்த பக்கத்து ஓர்க்குகளும் பீற்றிக்கொள்ளவில்லை. அதோடு, ஒரு தலைமை தன் ஜனங்களை விட்டுவிட்டு விரக்தியில் சாவைத் தேடிப் போனதையும் வீரம் என்றே எழுதிக்கொள்வதா?

தலைவர்களின் இந்தச் செருக்கு குறித்து டோல்கீனுக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. 991இல் மால்டனில் வைக்கிங் படையிடம் தோற்ற ஆங்கிலேயத் தலைவன் பெயோர்த்னாத் பற்றி 1953இல் எழுதினார். எதிரிக்குக் கரையேற வழிவிட்ட அவனுடைய 'பெருந்தன்மை'யைச் செருக்கு என்றே வாசித்தார். உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அவனோடு செத்தவர்களின் பக்கம்தான் அவர் மனசு சாய்ந்தது. எழுதியவர் 1916இல் சோம் போர்க்களத்தில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர், பள்ளிக்கால நெருங்கிய நண்பர்கள் இருவரை அந்த ஒரே வருஷத்தில் பறிகொடுத்தவர்.

தலைக்கணக்குப் போட்டியும் அவர் எழுத்திலேயே உண்டு. 1954இல் வந்த 'இரண்டு கோபுரங்கள்' பாகத்தில், ஹெல்ம்ஸ் டீப் முற்றுகையின் முடிவில் குள்ளன் கிம்லிக்கு 42, எல்ஃப் லெகோலஸுக்கு 41. நாமும் சிரித்துக்கொண்டே கூட எண்ணுகிறோம். சாகிற ஓர்க்குகளுக்கு முகம் தரப்படாததால்தான் இந்தச் சிரிப்பு சாத்தியமாகிறது. பிறவியிலேயே கெட்ட ஓர் இனம் இருக்க முடியுமா என்பதை டோல்கீனால் கடைசிவரை தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அதே பாகத்தில் தோட்டக்காரன் சாம் இருக்கிறான். மனுஷனும் மனுஷனும் வெட்டிக்கொள்வதை முதல் தடவையாகப் பார்க்கிறான். எதிரிப் படையில் வந்த தென்னாட்டான் ஒருவன் சரிந்து அவன் பக்கத்தில் வந்து விழுகிறான். பழுப்பு நிறக் கை, அதில் உடைந்த வாள். இவன் பேர் என்ன, எந்த ஊர், நெஜமாவே கெட்டவன்தானா, இல்லை பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததா என்று சாமுக்குள் ஓடுகிறது. ஒரு கணம்தான். அதற்குள் காட்டை மிதித்துக்கொண்டு ராட்சச யானை ஒன்று வந்துவிடுகிறது. சாம் வாயைப் பிளந்து அதைப் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம்.