விறாந்தையில் ஒரு வீடு

ஒட்டறை என்று எண்ணி ஒரு வீட்டை இடித்த பாவம் என்னைச் சேர்ந்தது. 2018 ஆம் ஆண்டுச் சித்திரை வருடப் பிறப்பிற்குச் சில நாள் முன்பு, யாழ்ப்பாணத்து எங்கள் வீட்டு முன்விறாந்தையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். மின்குமிழ் தொங்கும் கம்பியிலே சருகும் பஞ்சும் சிலந்தி நூலுமாக ஏதோ தொங்கிற்று. தும்புத்தடியால் ஒரு தட்டு, விழுந்துவிட்டது. சற்று நேரத்தில் ஒரு சிறு குருவி வந்து அக்கம்பியில் அமர்ந்து, மேலும் கீழும் பார்த்தது. அப்பொழுதுதான் செய்த காரியம் விளங்கிற்று.

அது தேன்சிட்டு. செவ்வரத்தையும் முருங்கையும் பூக்கும் முற்றங்களில் நாம் நாள்தோறும் காண்பதுதான். பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் இல்லை. ஆண்பறவைக்கு உச்சியிற் பச்சை மினுக்கம், முதுகில் அரக்குச் சிவப்பு, தொண்டையில் ஊதா, வயிற்றில் மஞ்சள். பெண்ணுக்கு இந்த ஆடம்பரம் இல்லை. ஆனால் வீடு கட்டும் வேலை பெரும்பாலும் அவளுடையது. (“எங்கேதான் அப்படி இல்லை?” என்றாள் என் மனைவி.) 1766 இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் இதற்குச் ‘சைலோனிக்கா’ என்று நம் நாட்டின் பெயரைச் சூட்டினார். அவர் இலங்கைக்கு வந்ததேயில்லை. தென்னிந்தியாவிலும் இப்பறவை வாழ்கிறது; பெயர் மட்டும் நம்முடையது.

அதே கம்பியில் அது மீண்டும் கட்டத் தொடங்கிற்று. நான் சாய்மனைக் கதிரையை உள்ளே எடுத்துவிட்டு, யன்னலின் பின்னே நின்று பார்த்தேன். சிலந்தி நூலை அலகிலே சுற்றிச் சுற்றிக் கொண்டுவருகிறது. கயிறும் அந்நூலே, சாந்தும் அந்நூலே. நாரையும் பஞ்சையும் அதனாற் பிணைத்து ஒரு பை முடைகிறது. பின்னர் அதன் புறத்தே மரப்பட்டைத் துணுக்கு, பாசி, மயிர்க்கொட்டியின் எச்சம் என்று கண்டதையெல்லாம் ஒட்டுகிறது. குப்பையாகத் தோன்றுவதே கூட்டிற்குக் காவல். காகத்தை ஏமாற்றச் செய்த வேலையில் ஏமாந்தவன் நான்! உள்ளே எருக்கலம் பஞ்சு மெத்தை. வாசல் பக்கவாட்டில்; அதன் மேலே மழைக்கு மறைப்பாக ஒரு சிறு இறப்பு. விறாந்தையிற் கட்டிய வீட்டிற்கும் ஒரு விறாந்தை உண்டு.

சிலந்தி இல்லாத வீட்டில் இக்குருவிக்கு நூல் ஏது? பழைய ஓட்டு வீடுகளின் வளைமரங்களில் அதற்குப் பஞ்சமில்லை. நாம் இப்பொழுது துடைத்துத் துடைத்து மினுக்கும் சுவர்களைப் பார்த்தால் எனக்குச் சிறிது அச்சமாகவே இருக்கிறது.

கூடு முடிந்து இரண்டு முட்டைகளும் இட்டாயிற்று. அடைகாப்பது ஏறக்குறைய 14 முதல் 16 நாள். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் 17 நாள். மகளின் கலியாணமோ வைகாசிக் கடைசியில். குஞ்சு பொரித்த வாரத்திலேயே வர்ணம் பூசுவோர் ஏணியோடு வந்து நின்றனர்.

“கூட்டை அப்பிடியே கழட்டி மாமரத்திலை கட்டிவிடுவம், ஐயா,” என்றார் அவர்களில் மூத்தவர்.

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தாய்ப்பறவை இடத்தைக் குறித்தே திரும்பி வரும், இடம் மாறினால் குஞ்சுகள் கைவிடப்படலாம் என்பது அப்பொழுது நினைவில் எழவில்லை. உள்ளேயிருந்து வந்தவர் என் தாயார்.

“குஞ்சு குருமனோடை இடம்பெயர்ந்த பாடு உனக்கு மறந்துபோச்சோ, தம்பி? அதிலை தொடவேண்டாம் எண்டு சொல்லு.”

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கிற் செம்மணி வழியே நடந்தபோது, மகளை நான் தோளிற் சுமந்திருந்தேன். அவளுக்கு அப்பொழுது ஒன்றரை வயது. ஏணி விறாந்தையை விட்டு அப்பாற் சென்றது.

பொன்னுருக்கு நாட் காலையிற் கூடு வெறிதாயிருந்தது. ஒரு முட்டை பொரியாமல் உள்ளே கிடந்தது. ஒரேயொரு குஞ்சு செவ்வரத்தைக் கிளையிலிருந்து வாயைத் திறந்தது. தகப்பன் பறவை வந்து ஊட்டிற்று.

கூரையில் ஒரு முழ அகலத்திற்குப் பழைய மஞ்சள் அப்படியே இருக்கக் கலியாணம் நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்தனர், ஒன்றும் கேட்கவில்லை.