திரும்ப வேண்டாத குட்டி எஞ்சின்

கிளைப்பாதையில் ஓடிய பழைய நீராவி ரயில்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைசி ஸ்டேஷனுக்கு வந்த ரயில் எப்படித் திரும்பிப் போகும்? எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி வந்து, மறுமுனையில் மாட்டணும். நாள் முழுக்க இப்படியே. ஒன்றிரண்டு பெட்டி, கொஞ்சம் பயணிகள். இதுக்கு இவ்வளவு வேலையா?

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. எஞ்சின் இடம் மாறவே மாறாது. போகும்போது இழுக்கும், வரும்போது தள்ளும். தள்ளும்போது டிரைவர் மட்டும் இறங்கி, பெட்டியின் மறுமுனையில் உள்ள சின்ன அறைக்குப் போய்விடுவார். பெட்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் கம்பிகள் வழியாக, அங்கிருந்தே எஞ்சினின் ரெகுலேட்டரைத் திறந்து மூடுவார். பிரேக்கும் அவர் கையில்.

இந்த வேலைக்காகவே 1932-இல் சார்லஸ் காலட் தலைமைப் பொறியாளராக இருந்தபோது 4800 வகுப்பு எஞ்சின்கள் வந்தன. மொத்தம் 75. எடை 41 டன்தான். தண்ணீரும் கரியும் எஞ்சின் மேலேயே. தனி டெண்டர் கிடையாது. 1946-இல் எண்களை மாற்றியதால் இன்று 1400 வகுப்பு என்றே சொல்கிறார்கள்.

கம்பி இணைப்புகள் கூடக்கூட ஆட்டமும் கூடும். அதனால் எஞ்சினுக்கு ஒரு பக்கம் இரண்டு பெட்டிக்கு மேல் கூடாது. நாலு பெட்டி வேணும்னா எஞ்சின் நடுவில்!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஃபயர்மேன்தான். டிரைவர் அந்தக் கோடியில். இவர் எஞ்சினில் தன்னந்தனியாக. நெருப்பு, கொதிகலனின் தண்ணீர் மட்டம் எல்லாம் இவர் பொறுப்பு. முன்னால் பாதை தெரியாது. பேச்சுக்குப் பதில் மணியோசை. கண் ஒருவரிடம், நெருப்பு இன்னொருவரிடம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் இந்த வண்டி ஓடியிருக்காது.

இவ்வளவு சிக்கனம் செய்தும் கிளைப்பாதைகள் பல பிழைக்கவில்லை. பயணிகள் பஸ்ஸுக்கும் காருக்கும் போய்விட்டார்கள். 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கை மூடல்களை வேகப்படுத்தியது. 1965-க்குள் எல்லா எஞ்சின்களுக்கும் ஓய்வு. பாதுகாக்கப்பட்டவை நாலு, அதில் 1442 டிவர்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆனால் அந்த யோசனைக்கு ஓய்வே இல்லை. அடுத்த முறை மின்சார ரயில் கடைசி ஸ்டேஷனில் நிற்கும்போது பாருங்கள்: டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.