விளம்பரத்துக்கு முன் விலாசம்: சிறு கடைகளுக்கு இணையப் பாலபாடம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் நசரத்பேட்டை. ஒரு பக்கம் பூந்தமல்லி, மறுபக்கம் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை, அருகிலேயே பனிமலர் பொறியியல் கல்லூரி. நள்ளிரவில் டயர் வெடித்து இங்கே நிற்கும் வெளிமாநில லாரி ஓட்டுநருக்குத் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. பஞ்சர் கடை எங்கே என்று போனில்தான் தேடுவார். கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர் மெஸ்ஸையும் ஜெராக்ஸ் கடையையும் தேடுவதும் அப்படித்தான். பல வருஷமாக அதே இடத்தில் இருக்கும் கடையானாலும், கூகுள் வரைபடத்தில் இல்லையென்றால் அந்த வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

கடையை இணையத்தில் கொண்டுவரக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகள் நெடுநாளாகவே நடக்கின்றன. 2017 ஜனவரியில் டெல்லி வந்த கூகுள் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை, சிறு தொழில் செய்வோருக்கான ‘டிஜிட்டல் அன்லாக்டு’ பயிற்சித் திட்டத்தை அறிவித்தார். தொழில் கூட்டமைப்பான ஃபிக்கியுடன் சேர்ந்து, 3 ஆண்டுகளில் 40 நகரங்களில் 5,000 பயிலரங்குகள் நடத்துவது இலக்கு.

பயிற்சியை யார் நடத்தினாலும், முதல் பாடம் காசு செலவில்லாததாக இருக்க வேண்டும்.

கடையை வரைபடத்தில் பதிய, 2014-இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்று வந்த சேவைக்கு இப்போது ‘கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்’ என்று பெயர். கட்டணம் கிடையாது. கடைப் பலகையில் உள்ள பெயரை அப்படியே கொடுக்க வேண்டும். ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’ என்று ஒட்டுச் சேர்ப்பது விதிக்குப் புறம்பு. போன் எண், திறக்கும் நேரம், விடுமுறை நாள், வரைபடத்தில் சரியான புள்ளி ஆகியவை அடுத்து. கடை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, தெருவும் பலகையும் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

தேடும்போது யார் கடை மேலே வரும்? கூகுள் சொல்லும் கணக்கு மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். தூரம் நம் கையில் இல்லை. பொருத்தம், தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது. வெறும் ‘உணவகம்’ என்பதைவிட ‘பிரியாணி உணவகம்’ என்று பதிந்த கடைதான் பிரியாணி தேடுபவருக்குப் பொருந்தும். பிரபலத்தில் ரிவியூவுக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பிட்டுப் போகிற எல்லோரிடமும் கேட்டு வாங்கலாம். குறை சொன்னவருக்குப் பணிவாகப் பதில் எழுதலாம். காசு கொடுத்துப் பொய் ரிவியூ போடவைப்பது மட்டும் கூடாது. 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவியூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்திருக்கிறது.

இந்த வரிசையில் பணம் கட்டி மேலே வர வழியில்லை. ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை எடுத்துவிடுவோம்’ என்று யாராவது அழைத்தால் அது மோசடி. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் வந்த இந்தச் செயலியும் இலவசம்தான். டைலர் கடை என்றால் பிளவுஸ் மாடல்கள், லேத் பட்டறை என்றால் செய்துகொடுக்கும் பாகங்கள் என்று படமும் விலையும் போட்டுக் கேட்டலாக் வைக்கலாம். கடை மூடியபின் வரும் விசாரணைக்குத் தானாகப் பதில் போகும். ஒரு விஷயம் முக்கியம்: கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஆகவே, பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்வது நல்லது.

விளம்பரம் இதற்குப் பிறகுதான். கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை வைக்கலாம். நசரத்பேட்டை மெஸ்ஸின் விளம்பரம் தாம்பரத்தில் தெரிந்து லாபமில்லை. கூகுளில் நாளுக்குச் சராசரி 100 ரூபாய் என்று வைத்தால், சில நாள் 200 வரை செலவாகும். ஆனால் மாதத்துக்கு 3,040 ரூபாயைத் தாண்டாது. இது தெரியாதவர்கள் முதல் வாரக் கணக்கைப் பார்த்ததுமே பயந்து நிறுத்திவிடக்கூடும்.

நேரில் கற்க விரும்புவோருக்கு, ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிகளை நடத்திவருகிறது. நாளிதழ்களில் அறிவிப்பு வரும். கடைப் படங்கள், விலைப்பட்டியல், உரிமப் பிரதி ஆகியவற்றைப் போனில் வைத்துக்கொண்டு போனால், வகுப்பில் உட்கார்ந்தபடியே பதிவின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். சரிபார்ப்பு வீடியோவைக் கடைக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டியிருக்கும்.