விசேஷ வீட்டு ஜூஸும் பார் ஐஸும்

காரியாபட்டி பக்கம் காதுகுத்து, கல்யாணம் என்றால் இப்போது வாசலிலேயே வெல்கம் டிரிங்க். பாட்டில் சிரப், எலுமிச்சை, சோடா எல்லாம் அண்டாவில் ஊற்றி, சாக்கில் சுற்றி உடைத்த பார் ஐஸைக் கொட்டிக் கலக்குகிறார்கள். மறுநாள் நாலைந்து பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பழி வெயில் மீதும் பிரியாணி மீதும் விழுகிறது. ஐஸை யாரும் கேட்பதே இல்லை.

பார் ஐஸ் பெரும்பாலும் மீனைக் கெடாமல் வைக்கத் தயாராவது. உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடாது. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொன்னது. நீல ஐஸை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கண்காணிக்க வேண்டிய அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை, வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பார் ஐஸை அண்டாவைச் சுற்றி வெளியே அடுக்குங்கள்; உள்ளே போடாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் உறையவைத்த ஐஸ் மட்டுமே உள்ளே போகலாம்.

சிரப் பாட்டிலில் 14 இலக்க உரிம எண், தயாரிப்புத் தேதி இரண்டையும் பாருங்கள். பொட்டலத்தில் விற்கும் கலர் பொடி வேண்டவே வேண்டாம். ரோடமின்-பி சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது.

உடம்புக்கு முடியாமல் போனால் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்புவது தீர்வல்ல. உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மிச்ச ஜூஸைச் சுத்தமான பாட்டிலில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிரப் பாட்டில், ரசீது எதையும் எறியாதீர்கள். கடையின் பெயர், முகவரி, தேதி, படங்களோடு 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். கூடவே விருதுநகரில் உள்ள மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு மறு மனு கொடுங்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி நீங்களே பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 65-ஆம் பிரிவு இழப்பீடும் தருகிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

மீண்டும் சொல்கிறேன்: பார் ஐஸை அண்டாவுக்குள் போடாதீர்கள். ரசீதையும் மிச்ச ஜூஸையும் எறியாதீர்கள். ஆதாரம் இல்லாத புகார் எந்த அலுவலகத்திலும் நிற்காது.